மதுபோதையில் மோட்டார் சைக்கிள் செலுத்துவதால் நேரும் தலைக்காயங்கள் தொடர்பான கோரிக்கை மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
யாழ்ப்பாணம்.

பெருமதிப்பிற்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

நான் வலிகாமம் மேற்கைச் சேர்ந்தவள். அரச வைத்தியசாலைகளில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றி, சேவைக்காலத்தின் பெரும்பகுதியை விபத்துப் பிரிவிலும் சத்திரசிகிச்சை விடுதியிலும் கழித்து ஓய்வுபெற்றேன். சனி, ஞாயிறு இரவுகளில் தள்ளுவண்டியில் கொண்டுவரப்படும் இளைஞர்களின் சட்டையில் இரத்தமும் சாராய வாடையும் சேர்ந்திருப்பதைக் கண்டு கண்டு மரத்துப்போயிருந்த எனக்கு, என் தங்கையின் வீட்டில் நடந்த ஒன்றுதான் இம்மனுவை எழுதும் துணிவைத் தந்தது.

என் பெறாமகனுக்கு அப்போது 24 வயது. நண்பன் ஒருவனின் பிறந்தநாள் விருந்தில் குடித்துவிட்டு இரவு பத்து மணியளவில் மோட்டார் சைக்கிளில் திரும்பியவன், வீட்டுக்கு முந்நூறு யார் தூரத்தில் ஒழுங்கை முடக்கில் மதிலோடு மோதி விழுந்தான். சிறிது நேரம் நினைவின்றிக் கிடந்து, பின்னர் தானாகவே எழுந்து, நண்பனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறியிருந்து கதைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தான். காதுக்கு மேலே ஒரு வீக்கத்தைத் தவிர வெளியே காயம் எதுவும் இல்லை. வெறி முறியட்டும் என்று தங்கை தலையில் தேசிக்காய் தேய்த்துக் குளிக்க வார்த்து, மோர் கொடுத்துப் படுக்கவைத்தாள். இரவில் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். அதையும் குடியின் வாந்தி என்றே எல்லோரும் நினைத்தார்கள். விடியப்புறம் ஐந்தரை மணிக்குத் தங்கை எனக்குத் தொலைபேசி எடுத்து, “அக்கா, இவன் ஒருநாளும் இப்பிடிக் குறட்டை விடுறேல்லை” என்று சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. நான் போய்ச் சேர்ந்த நேரம் அவனுடைய இடது கண்ணின் மணி வலது கண்ணின் மணியைவிட இரண்டு மடங்கு விரிந்திருந்தது.

மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே ஓடும் நாடி என்ற இரத்தக்குழாய் காதுக்கு மேலே பட்ட அடியினால் கிழியும்போது இரத்தம் சிறிது சிறிதாகவே தேங்கும். அதனாலேயே விழுந்தவர் எழும்பி நடப்பார், கதைப்பார், சிலவேளை சிரிக்கவும் செய்வார். சில மணித்தியாலங்களின் பின்னரே தேங்கிய இரத்தம் மூளையை நெரிக்கத் தொடங்கும்; அந்தக் குறட்டையும் விரிந்த கண்மணியும் அதன் அடையாளங்களே. அந்த இடைவெளிக்குள் சத்திரசிகிச்சைக்கு எடுத்துவிட்டால் பெரும்பாலும் முழுமையாகக் காப்பாற்றிவிடலாம். ஆனால் தூக்கக் கலக்கம், வாந்தி, குழறல் ஆகிய அதே அறிகுறிகள் மதுபோதைக்கும் உரியவை என்பதால், குடித்துவிட்டு விழுந்தவருக்கு அந்த மணித்தியாலங்கள் வீட்டுப் பாயிலேயே கழிந்துவிடுகின்றன. என் பெறாமகன் உயிர் பிழைத்தான். இன்று அவனுடைய வலது கை மடங்கியே இருக்கிறது. சட்டையின் ஒரு பொத்தானைப் பூட்ட அவன் இடது கையால் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் தங்கை, உதவிக்குப் போனால் அவனுக்குக் கோபம் வரும் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவனுடைய தலைக்கவசம் அன்றிரவு விருந்து நடந்த வீட்டு விறாந்தையில் இருந்தது.

அவனை ஏன் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவில்லை என்று அந்த நண்பர்களிடம் பின்னர் கேட்டேன். பொலிஸ் வழக்காகிவிடும் என்றும், வெளிநாடு போக விண்ணப்பித்திருப்பவனுக்குப் பொலிஸ் நற்சான்று கிடைக்காமற் போய்விடும் என்றும் பயந்ததாகச் சொன்னார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்; அந்தப் பயம் எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. தங்கள் தலையீட்டை நான் முதலில் வேண்டி நிற்பதும் இந்த விடயத்திலேயே. காயப்பட்டவரைக் கொண்டுவருபவர்கள் அக்காரணத்துக்காக அலைக்கழிக்கப்பட மாட்டார்கள் என்பதைப் பொலிஸ் மற்றும் சுகாதாரத் திணைக்களங்களுடன் கலந்தாலோசித்துத் தாங்களே பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். குடித்தவர் தலை அடிபட விழுந்தால் அவர் எழும்பி நடந்தாலும் படுக்கவைக்கக் கூடாது, கட்டணமின்றி வரும் நோயாளர் காவுவண்டியை 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் உடனே அழைக்க வேண்டும் என்ற இரண்டு வரிச் செய்தி, மாவட்டத்தின் 435 கிராம அலுவலர் பிரிவுகளிலும் உள்ள சனசமூக நிலையங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், விளையாட்டுக் கழகங்கள் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. தேசிக்காயும் மோரும் வெறியை முறிக்காது என்பதையும் அதே கூட்டங்களில் தாய்மாருக்குச் சொல்ல வேண்டும்.

ஏனெனில் உடலில் சேர்ந்த மதுவை ஈரல் தன் வேகத்திலேயே நீக்கும். 100 மில்லிலீற்றர் குருதியில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் அளவே குறையும், குளிப்பதாலோ கோப்பி குடிப்பதாலோ அந்த வேகம் அதிகரிக்காது. இரவு பதினொரு மணிக்கு 180 மில்லிகிராம் இருந்த ஒருவர் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும்போதும் அவருடைய குருதியில் 60 மில்லிகிராம் வரை எஞ்சியிருக்கும். எங்கள் சட்டம் வைத்திருக்கும் எல்லை 80 மில்லிகிராம் என்பதால் அவர் குற்றவாளி அல்லர். ஆனால் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது பொதுவாக 50 மில்லிகிராமுக்கும் இளம் சாரதிகளுக்கு 20 மில்லிகிராமுக்கும் மேற்படாத எல்லையையே. இரண்டு சில்லில் சமநிலை பிடித்து ஓடவேண்டிய வாகனத்துக்கு இது இன்னும் பொருந்தும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் ஓடிவிடும். பிரேக்கை நினைத்துப் பிடிக்க அரைச் செக்கன் பிந்தினால் அது ஏழு மீற்றர். இருட்டில் வீதியின் நடுவே படுத்திருக்கும் கட்டாக்காலி மாட்டுக்கும் வண்டிக்கும் இடையிலும், விடியப்புறம் மரக்கறிக் கட்டோடு சுன்னாகம் சந்தைக்குச் சைக்கிள் மிதிக்கும் முதியவருக்கும் வண்டிக்கும் இடையிலும் அந்த ஏழு மீற்றர்தான் இருக்கிறது. அந்த முதியவர் ஒரு துளியும் குடிக்காதவர் என்பதைத் தாங்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

பொலிஸார் சோதனை செய்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காங்கேசன்துறை வீதியிலும் பலாலி வீதியிலும் வழமையான சந்திகளில் மறித்து நிற்பதால், மறித்து நிற்கும் செய்தி சில நிமிடங்களில் கைத்தொலைபேசிகளில் பரவிவிடுகிறது. குடித்தவர்கள் பிரதான வீதியை விட்டு வெளிச்சமில்லாத ஒழுங்கைகளுக்குள் இறங்குகிறார்கள். மதில்களும் மதகுகளும் திடீர் முடக்குகளும் இருப்பது அந்த ஒழுங்கைகளில்தான். ஆகவே, குடித்தவர் வண்டியில் ஏறிய பின் தொலைவில் மறிப்பதைவிட, மதுபானசாலைகள் பூட்டும் நேரத்தில் அவற்றின் வாசலை அண்டிய வீதியிலும், விருந்து நடக்கும் மண்டபங்களின் அருகிலும் ஊதிப் பார்க்கும் சோதனையை நடத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் தீர்மானம் எடுக்கப்பட வேண்டும். அவ்விடத்தில் மறிக்கப்படுபவர் வண்டியை விட்டுவிட்டு ஓட்டோவில் வீடு போகலாம். ஒழுங்கைக்குள் விழுந்தவருக்கு அந்த வழியில்லை.

வழி என்று சொல்லும்போது பேருந்தையும் குறிப்பிட வேண்டும். மாலைக்குப் பின் மானிப்பாய், காரைநகர்ப் பக்கம் போக வண்டி கிடைப்பது அரிது என்பதை அங்கே வாழும் எவரும் அறிவர். வெள்ளி, சனி இரவுகளிலாவது பிந்திய சேவை ஒன்றை இலங்கைப் போக்குவரத்துச் சபையும் தனியார் பேருந்துச் சங்கங்களும் பகிர்ந்து நடத்த ஆவன செய்ய வேண்டுகிறேன்.

21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். ஆயினும் நான் பராமரித்த காயக்காரருள் பலர் அந்த வயதைத் தொடாத பிள்ளைகள். விற்பவரிடம் அடையாள அட்டை பார்க்கும் பழக்கம் இல்லாவிட்டால், வாங்கியவரைத் தண்டிப்பதில் மட்டும் பயனில்லை. மதுவரித் திணைக்களத்தின் பரிசோதனைகள் இந்த ஒரு விடயத்தில் இறுக்கப்பட வேண்டும். தலைக்கவசம் தலைக்காய வாய்ப்பை ஏறத்தாழ 69 சதவீதத்தாலும் மரண வாய்ப்பை 42 சதவீதத்தாலும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். ஆனால் குடித்தவர் முதலில் மறப்பது அதன் பட்டியைப் பூட்டுவதையே. பட்டி பூட்டாத கவசம் தலை நிலத்தில் படும் முன்னரே கழன்றுவிடும். சோதனையில் நிற்கும் உத்தியோகத்தர்கள் கவசம் தலையில் இருக்கிறதா என்று மட்டும் பாராமல் பட்டியையும் தொட்டுப் பார்க்கும்படி பணிக்க வேண்டுகிறேன்.

கிராமக் கூட்டங்களில் தலைக்காயத்தின் அறிகுறிகளை விளக்க வேண்டுமாயின், கொடுப்பனவு எதுவுமின்றி வந்து செய்ய நானும் என்னோடு ஓய்வுபெற்ற இரு தாதியரும் ஆயத்தமாக இருக்கிறோம். என் தங்கையும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எம்மைச் சந்திக்கத் தாங்கள் ஒரு நாளையும் நேரத்தையும் ஒதுக்கித் தருமாறு பணிவன்புடன் வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
வலிகாமம் மேற்கு.

பிரதிகள்:
மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், வடமாகாணம்
பிரதேச செயலாளர், சங்கானை