மணியின் தாய் எங்கே? – ஆப்பிரிக்க வனவிலங்கு மையங்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

2016-ல் உங்களில் ஒரு நிறுவனத்தின் வழியாகத் தென்னாப்பிரிக்காவுக்கு இரண்டு வாரம் போய் வந்தேன். என் முதல் வருடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததோடு அம்மா வளையலை அடகு வைத்துத் தந்ததையும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டினேன். 'தாயை இழந்த சிங்கக்குட்டிகளைக் காப்பாற்ற வாருங்கள்' என்று துண்டுப் பிரசுரத்தில் போட்டிருந்தீர்கள். ஒரு பெண் மடியில் குட்டியை வைத்துப் பால் புகட்டும் படம். அந்தப் படத்தை நம்பித்தான் விமானம் ஏறினேன். இந்த மடலும் அந்தப் படத்தைப் பற்றித்தான்.

போன அன்றே என் கையில் ஒரு குட்டியைக் கொடுத்தார்கள். கண் திறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். இடது காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. மணி என்று கூப்பிட்டேன். நாலு மணிக்கொரு தடவை பால். குடிக்கும்போது முன்னங்கால் இரண்டாலும் என் வயிற்றை மாற்றி மாற்றி அழுத்துவான், தாயின் மடியில் பால் சுரக்க அழுத்துவதுபோல. காலை பத்து மணிக்கெல்லாம் சுற்றுலாப் பயணிகள் வரிசை கட்டிவிடுவார்கள். தூங்குகிற குட்டியைத் தட்டி எழுப்பிப் படம் எடுக்கக் கொடுப்போம். நானும்தான் கொடுத்தேன்.

பத்தாம் நாள் பின்பக்கம் குப்பை கொட்டப் போனபோது, வேலியை ஒட்டி ஒரு பெண் சிங்கம் நடந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். இந்த முனைக்கும் அந்த முனைக்கும், நிற்கவே இல்லை. மடி கனத்துத் தொங்கியது. கூட வந்த உள்ளூர்த் தொழிலாளி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அதுதான் குட்டிகளின் அம்மா."

தாயை யாரும் இழக்கவில்லை. பிரித்திருக்கிறார்கள். குட்டியைச் சீக்கிரம் பிரித்துவிட்டால் பெண் சிங்கம் அடுத்த ஈற்றுக்கும் சீக்கிரம் தயாராகிவிடும். கொஞ்சுவதற்குக் குட்டிகள் குறையாமல் வந்துகொண்டிருக்கும். தூக்க முடியாத அளவுக்கு வளர்ந்ததும் பயணிகளுக்கு 'சிங்கத்தோடு நடை'. அந்த வயதும் தாண்டினால் இந்தத் தொழிலில் மிஞ்சுவது வேலிக்குள் வைத்துச் சுடும் வேட்டையும் எலும்பு வியாபாரமும்தான். நான் திரும்பி வந்த அடுத்த வருடம், 2017-ல், 800 சிங்க எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்ய அந்நாட்டு அரசே ஒதுக்கீடு கொடுத்தது. அது சட்டப்படி செல்லாது என்று 2019-ல் நீதிமன்றம் சொன்னது. வணிகத்துக்காகச் சிங்கம் வளர்ப்பதை நிறுத்தப் போவதாக 2021 மே மாதம் அந்நாட்டின் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் பார்பரா கிரீசி அறிவித்தார். அதற்குப் பிறகு எடுத்த கணக்கிலும் 300-க்கு மேற்பட்ட இடங்களில் சுமார் 8,000 சிங்கங்கள் வேலிக்குள் இருந்தன.

உண்மையான மையமாக இருந்தாலும் இரண்டு வாரம் தங்கும் ஒருவர் கையில் குட்டியைக் கொடுக்கலாமா? கென்யாவில் தாயில்லா யானைக் குட்டிகளை வளர்த்த டாப்னி ஷெல்ட்ரிக் பட்ட பாட்டைக் கேளுங்கள். பால் மறக்காத ஆப்பிரிக்க யானைக் குட்டிகளை யாராலும் பிழைக்க வைக்க முடியாமல் இருந்த காலம் அது. பல வருட முயற்சிக்குப் பிறகு, தேங்காய் எண்ணெய் கலந்த பால் மாவு ஒத்துக்கொண்டு, ஆயிஷா என்ற குட்டி தேறியது. 1974-ல் மகள் கல்யாணத்துக்காக டாப்னி கொஞ்ச நாள் வெளியூர் போனார். பால் அதே பால்தான். ஆனாலும் ஆயிஷா சாப்பிட மறுத்துச் செத்துப்போனது. ஒரே ஆளிடம் ஒட்டிக்கொண்ட குட்டி, அந்த ஆள் இல்லாமல் இருக்கவில்லை. இன்று நைரோபியில் அவர் தொடங்கிய காப்பகத்தில் குட்டிகளோடு படுத்துத் தூங்குகிறவர்கள் கென்யப் பராமரிப்பாளர்கள். ஒருவரிடமே குட்டி ஒட்டிக்கொள்ளாதபடி முறை மாற்றிப் படுப்பார்கள். வெளிநாட்டுத் தன்னார்வலர்களைக் குட்டிகளைக் கவனிக்க அங்கே எடுப்பதில்லை.

வெளியாட்களே போகக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2000 ஜூனில் கேப்டவுன் அருகே ட்ரெஷர் என்ற கப்பல் மூழ்கி எண்ணெய் பரவியபோது, சுமார் 19,000 பென்குயின்களைக் கழுவிக் காப்பாற்ற ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் திரண்டார்கள். எண்ணெய் படாத இன்னும் 19,500 பறவைகளை லாரியில் ஏற்றி, வெகு தொலைவிலுள்ள போர்ட் எலிசபெத் பக்கம் கடலில் விட்டார்கள்; அவை நீந்தி வீடு திரும்புவதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கு பலித்தது.

2019-ல் நானும் அந்தக் கரையில் ஒரு கடற்பறவை மையத்தில் ஆறு வாரம் வேலை செய்தேன். முக்கால்வாசி நேரம் எச்சம் படிந்த ரப்பர் பாய்களைத் தேய்த்துக் கழுவுவதுதான் வேலை. மீதி நேரம் மீன் ஊட்டுவது. செத்த மீனைப் பென்குயின் தானாக எடுக்காது. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, பறவையை இரண்டு காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்து, மத்தியைத் தலைப்பக்கமாக உள்ளே விட வேண்டும். வால்பக்கமாக விட்டால் செதில் தொண்டையில் கீறும். கொத்து வாங்காத நாள் கிடையாது. பெயர் வைக்கவில்லை, கொஞ்சவில்லை. இறகில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டோடுகிறதா என்று பார்த்து, ரத்தப் பரிசோதனையும் முடிந்த பிறகுதான் விட்டோம். கூண்டுக் கதவைத் திறந்ததும் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

கல்லூரி வளாகங்களில் நீங்கள் அரங்கு போடுவதை இப்போதும் பார்க்கிறேன். அதே மாதிரிப் படங்கள். தயவுசெய்து அவற்றை எடுத்துவிடுங்கள். பாய் கழுவும் படத்தைப் போடுங்கள். அதைப் பார்த்தும் வருகிற பிள்ளைகள் போதும். ஒரு மையத்தோடு ஒப்பந்தம் போடுமுன், அங்கே குட்டிகள் பிறக்கின்றனவா, பிறந்தால் ஏன், போன வருடம் எத்தனை விலங்குகள் காட்டுக்குத் திரும்பின, வளர்ந்தவை எங்கே போயின என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிலைப் பணம் கட்டுகிறவர்களிடம் காட்டுங்கள். குரங்கினங்கள் இருக்கும் மையமென்றால், நம்முடைய சாதாரணச் சளியே சிம்பன்சியைக் கொல்லக்கூடும் என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கென்று ஒன்றே ஒன்று கேட்கிறேன். மணியைப் பற்றி அந்த இடத்துக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. உங்களில் யார் என்னை அனுப்பினீர்களோ, உங்களிடம் அவர்கள் முகவரி இருக்கும். இடது காது நுனியில் வெட்டு இருந்த ஆண் குட்டி. அவன் எங்கே என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வழியாகப் போய் வந்த ஒருத்தி