முதியவரின் மூட்டுவாதம் ஓர் இனத்தின் கூன் ஆன கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனித இனத்தின் தோற்றம் குறித்துத் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளர் பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கட்டுரைக்கு மேலே அச்சிட்டிருந்த படம் அவர் எழுதியதையே பொய்யாக்கிவிட்டது. குரங்கில் தொடங்கிப் படிப்படியாக நிமிர்ந்துகொண்டே வரும் அந்த வரிசையில், நமக்கு முந்தைய இடத்தில், முழங்கால் மடங்கி, கழுத்து முன்னே துருத்தி, கையில் தடியோடு நிற்பவரின் காலடியில் 'நியாண்டர்தால்' (மறைந்துபோன ஒரு பழங்கால மனித இனம்) என்று எழுதியிருந்தது. முப்பது ஆண்டுகள் பள்ளியில் உயிரியல் கற்பித்த நானும் இதே படத்தைக் கரும்பலகையில் பலமுறை வரைந்தவன்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கூனுக்குப் பிறந்த ஊர் உண்டு. 1908 ஆகஸ்டில், பிரான்சின் லா ஷப்பேல்-ஓ-சான் என்னும் ஊரிலுள்ள சிறு குகையில், பூய்சோனி சகோதரர்கள் ஏறத்தாழ முழுமையான ஒரு நியாண்டர்தால் எலும்புக்கூட்டைக் குழியிலிருந்து எடுத்தனர். அதை ஆராயும் பொறுப்பு பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மார்சலின் பூலிடம் வந்தது. முழங்காலை முழுதாக நீட்டி நிற்க இயலாதவர், முதுகெலும்பில் நமக்குள்ள வளைவு இல்லாதவர், குரங்குக்கு இருப்பதுபோல் காலின் பெருவிரல் விலகியவர் என்றெல்லாம் 1911 முதல் 1913 வரை வெளியான தம் ஆய்வில் அவர் முடிவு கட்டினார். அந்த ஆய்வு அச்சேறும் முன்பே, 1909இல், பாரிசில் வெளிவந்த வார இதழ் ஒன்று உடலெங்கும் மயிர் அடர்ந்த ஒரு காட்டுருவத்தை வரைந்து வெளியிட்டுவிட்டது. ஆய்வைப் படித்தவர்கள் சிலர். படத்தைப் பார்த்தவர்களோ ஊர் முழுக்க.

1957இல் வில்லியம் ஸ்ட்ராஸ், அலெக்சாண்டர் கேவ் என்னும் இரு உடற்கூற்றியலாளர்கள் அதே எலும்புகளை மீண்டும் பார்த்தபோதுதான், அவை முதுகெலும்பில் கடுமையான மூட்டுவாதம் கண்ட ஒரு முதியவருடையவை என்பது உறைத்தது. குளிப்பாட்டி, சவரம் செய்து, இக்கால உடை உடுத்தி நியூயார்க் சுரங்க ரயிலில் உட்கார வைத்தால், அவரை யாரும் வியந்து பார்ப்பார்களா என்பதே ஐயம் என்று அவர்கள் எழுதினார்கள். 2019இல் சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய இடுப்பு மூட்டின் தேய்மானத்தையும் முதுகெலும்பையும் சேர்த்து ஆராய்ந்து, அவர் நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்தவர் என்று காட்டினர். மூட்டுவலியால் வாடிய நம் தாத்தா ஒருவரைத் தோண்டியெடுத்து, தமிழர்கள் அனைவரும் கூனர்கள் என்று ஒருவர் எழுதினால் நாம் என்ன சொல்வோமோ, அதையே இங்கும் சொல்ல வேண்டும்.

இந்த மனச்சாய்வு பூலுக்கும் முந்தையது. 1856இல் ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த எலும்புகளைத் தனி இனமாகக் கொண்டு, 1863இல் அதற்குப் பெயர் முன்மொழிந்த அயர்லாந்துப் பேராசிரியர் வில்லியம் கிங், அந்த மண்டையோட்டுக்குள் விலங்குக்கு மேற்பட்ட எண்ணம் எதுவும் உதித்திருக்காது என்றே கருதினார். (அதே ஆண்டு செப்டம்பரில், அவருடைய மகனான இன்னொரு வில்லியம் கிங், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டுடன் சேர்ந்து நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார் என்பது பலர் அறியாத செய்தி.)

படத்தின் இரண்டாவது பிழை, நியாண்டர்தால்களை நமக்கு முந்தைய படியில் நிறுத்தியது. அவர்கள் நம் பாட்டன்மார் அல்லர். 5,00,000 ஆண்டுகளுக்கும் முன்னர் ஒரே மூதாதையரிடமிருந்து பிரிந்து, ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வாழ்ந்த பங்காளிகள். சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்னர் மறையும்வரை அவர்கள் நம் இனத்தின் சமகாலத்தவர்கள். அதோடும் உறவு முடியவில்லை. பழங்கால மரபணுக்களை ஆராயும் சுவாந்தே பாபோவின் குழு 2010இல் வெளியிட்ட நியாண்டர்தால் மரபணுத் தொகுதி, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்களின் மரபணுவில் ஏறத்தாழ 2 விழுக்காடு அவர்களிடமிருந்து வந்தது என்பதைத் தெளிவாக்கியது. பங்காளி வீட்டில் பெண் எடுப்பதில்லை என்ற நம் வழக்கப்படி பார்த்தால் இது முறைகெட்ட சம்பந்தம்தான்; ஆனால் அந்தச் சம்பந்தத்தின் வாரிசுகளே நாம்.

அந்தச் சொத்தில் கடனும் உண்டு. கொரோனா தொற்று கடுமையாவதற்கான வாய்ப்பை உயர்த்தும், மூன்றாம் குரோமோசோமிலுள்ள ஒரு பகுதி நியாண்டர்தால்களிடமிருந்து வந்தது என்று பாபோவும் ஹூகோ செபெர்கும் 2020இல் கண்டறிந்தனர். அதைச் சுமப்பவர்கள் ஐரோப்பாவில் சுமார் 16 விழுக்காடு. தெற்காசியாவிலோ ஏறத்தாழப் பாதிப்பேர். முதுமைக்கும் பிற நோய்களுக்கும் அந்தக் கொடுமையில் இருந்த பங்கை இது குறைத்துவிடாது. பன்னிரண்டாம் குரோமோசோமில் அவர்கள் விட்டுச்சென்ற வேறொரு பகுதி அதே நோயிலிருந்து ஓரளவு காக்கிறது என்பதையும் அடுத்த ஆண்டே அவர்கள் எழுதினார்கள்.

மீண்டும் லா ஷப்பேலின் அந்த முதியவரிடம் வருகிறேன். அவர் கடைவாய்ப் பற்களில் பெரும்பாலானவற்றை இறப்பதற்கு நெடுநாள் முன்பே இழந்திருந்தார். பல் இருந்த குழிகள் ஆறி, எலும்பு மூடியிருக்கிறது. ஈராக்கின் ஷானிதார் குகையில் கிடைத்த இன்னொருவர், வலக்கை சூம்பி, முகத்தில் பலத்த அடிபட்டு, ஒரு கண்ணில் பார்வையும் இழந்திருக்கக்கூடிய நிலையில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். இவர்களுக்கு அருகில் இருந்த யாரோ இரையைப் பகிர்ந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதற்குப் படம் தேடும்போது, தடியேந்திய அந்த உருவத்தை விட்டுவிட்டு, பல் விழுந்து ஆறிய அந்தத் தாடையின் நிழற்படத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கும்பகோணம்