டீகேஃப் டப்பா வந்துருச்சு

பாப்பா,

நீ அனுப்புன டீ டப்பா செவ்வாக்கிழமையே வந்துருச்சு, வாட்ஸப்ல வெறும் தம்ஸ் அப் போட்டுட்டு விட்டுட்டேன்னு கோச்சுக்காத, குடிச்சுப் பாத்துட்டு எழுதுவோம்னுதான் இருந்தேன். ஏர்ல் கிரே டீ, அதுலயும் காஃபின் எடுத்த டீகேஃப்! தூக்கம் வரலைன்னா சாயங்காலத்துக்கு மேல டீயைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொன்னதை அம்மா உனக்குப் போட்டுக் குடுத்துட்டா, நீயும் "2020 ஸ்டார் ட்ரெக் சீரியல்ல கேப்டன் பிக்கார்டே டீகேஃப்தான்ப்பா கேக்குறாரு"ன்னு சீட்டு எழுதி உள்ள வச்சுட்ட. எங்க அடிச்சா நான் மடங்குவேன்னு தெரியுது உனக்கு.

முத நாள் அம்மா பையைக் கிழிச்சுத் தூளைக் கொட்டி, இஞ்சி தட்டிப் போட்டு, பாலோட கொதிக்க வச்சுட்டா. நார்த்தங்காயைத் தோலோட பால்ல போட்ட மாதிரி ஒரு வாசனை. பெர்கமாட்னு இத்தாலில கலாப்ரியா பக்கம் விளையிற பழம்டி, அதோட தோல் எண்ணெய்தான் இதுன்னேன். "அப்ப ஊறுகா போட வேண்டியதை டீல போட்டிருக்கான்"னு முடிச்சுட்டா. மறுநாள் நானே வெறும் வெந்நீர்ல வச்சேன், பரவால்ல.

சின்னதுல கேபிள்ல ஸ்டார் ட்ரெக் பாக்குறப்ப கேப்ப, ஞாபகம் இருக்கா, டீன்னாலே சூடுதானே, இந்த பிக்கார்டு ஏன் "டீ, ஏர்ல் கிரே, ஹாட்"னு தனியா சொல்றாருன்னு? அப்ப சும்மா இருன்னுட்டேன். அப்புறம் 1995ல வந்த இன்னொரு ஸ்டார் ட்ரெக் சீரியல் வாயேஜர்ல, முத எபிசோட்ல பாரிஸ்ங்குற பைலட் தக்காளி சூப் கேட்டா, கேட்டதைச் செஞ்சு குடுக்குற அந்த ரெப்ளிகேட்டர் மெஷின் 14 வகை இருக்குங்குது, சாதான்னு சொன்னா சூடா ஜில்லுன்னான்னு கேக்குது. பிக்கார்டு அனுபவஸ்தர், ஒரே மூச்சுல சொல்லிடுறாரு. நம்ம பம்பாய் செம்பூர் ஸ்டேஷன் டப்ரில, அதான் ரோட்டோர டீக்கடைல, ரெண்டு விரலைக் காட்டுனா ரெண்டு கட்டிங், அரை அரை கிளாஸ் டீ, வந்துரும், அது வேற டெக்னாலஜி.

எனக்கு அந்தாளைப் பிடிச்சதுக்குக் காரணம் வேற. பிரெஞ்சுக்காரர், ஒயின் தோட்டத்து வீட்டுப் புள்ள, அண்ணன் ஊரோட இருந்து திராட்சை பாக்குறாரு, இவரு கப்பல்ல உக்காந்து டீ குடிக்கிறாரு. நம்ம கதைதானே? கும்பகோணத்துல காலைல டிக்காஷன் இறங்குற சத்தத்துல எந்திரிச்சவன் நான், பம்பாய் வந்து ரெண்டே வருசத்துல டீக்கு மாறிட்டேன், லீவுக்குப் போய் பாட்டிகிட்ட டீ கேட்டப்ப தாத்தா பேப்பர்லேர்ந்து தலையைக்கூடத் தூக்கல, "ரோட்டுல கடை இருக்கு"ன்னாரு. போய்க் குடிச்சுட்டும் வந்தேன். வயசான காலத்துல பிக்கார்டும் அதே தோட்டத்துக்குத்தான் திரும்பிப் போறாரு, அங்கயும் டீதான் கேக்குறாரு, பாத்தியா.

ராத்திரிக்கு உன் டீகேஃப்தான் இனிமே, சத்தியமா. ஆறரை மணி கட்டிங்கை மட்டும் விட முடியல, அம்மாகிட்ட சொல்லிடாத.

ஒண்ணு, சீட்டு எழுதுனியே, கவனிச்சியா? டீகேஃப் கேக்குறப்ப அவரு "ஹாட்"டுங்குறதை விட்டுடுறாரு.

அப்பா