அறுவை ரோபோ சோதனையும் ஆசாரிபள்ளமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் கீழே உள்ள சுரப்பி), சிறுநீரகம், சிறுநீர்ப்பை ஆகிய உறுப்புகளில் வரும் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சையில், மருத்துவர் இயக்கும் புதிய ரோபோக்கள் சோதிக்கப்படுவது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். இயந்திரக் கைகள், முப்பரிமாணத் திரை, சிறிய தழும்பு என்று பலவற்றை நன்றாக விளக்கிய அக்கட்டுரை, அந்தச் சோதனைகளில் எதை அளக்கிறார்கள், எவ்வளவு காலம் அளக்கிறார்கள் என்பதை மட்டும் தொடாமல் விட்டுவிட்டது. அறுவை அரங்கில் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்று, இப்போது கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை சுற்றுவட்டாரத்தில் அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களைப் போய்ப் பார்த்து வருபவள் என்பதால், விடுபட்ட அந்தப் பகுதியைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு அனுமதி பெற்ற டாவின்சி ரோபோவுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போட்டியே இல்லை. இன்று மெட்ரானிக் நிறுவனத்தின் ஹியூகோ, பிரிட்டனின் வெர்சியஸ், நம் நாட்டிலேயே குருகிராமில் உருவான மந்த்ரா ஆகியவை வந்துவிட்டன. ஹியூகோவைக் கொண்டு 2021-இல் சென்னையில் புராஸ்டேட் அறுவை செய்தார்கள். இந்தப் போட்டியை நான் வரவேற்கிறேன். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022-இல் திறக்கப்பட்ட ரோபோ அறுவை மையத்துக்குச் சுமார் 35 கோடி ரூபாய் ஆனது. அந்த விலை இறங்கினால்தான் மாவட்டத் தலைநகரங்களில் இதைப் பற்றிப் பேசவே முடியும்.

ஆனால் சோதனை என்றால் என்ன? ஹியூகோவுக்காக அமெரிக்காவில் நடந்த சோதனையில் 137 பேருக்குப் புராஸ்டேட், சிறுநீரகம், சிறுநீர்ப்பை அறுவைகள் செய்யப்பட்டு, 98.5 சதவீதம் வெற்றி என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. இங்கே வெற்றி என்பது, இடையில் ரோபோவைக் கைவிட்டு வேறு முறைக்கு மாறாமல் அறுவை முடிந்தது என்பதுதான். அதனுடன் முதல் முப்பது நாட்களில் வரும் சிக்கல்களையும் கணக்கிட்டார்கள். புதிய கருவி ஒன்று முதலில் ஆபத்தில்லாதது என்று தெரிய வேண்டும் என்பதால் இந்த அளவுகோலில் குற்றம் காண்பதற்கில்லை. எனினும், தலைப்பில் அந்தச் சதவீதத்தை மட்டும் பார்க்கும் நோயாளி, தன் புற்றுநோய் 98.5 சதவீதம் குணமாகும் என்று எடுத்துக்கொண்டால் அது அவருடைய தவறல்ல.

முப்பது நாள் கணக்கு ஏன் போதாது என்பதற்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயே சான்று. சிறு துளை வழியாகவும் ரோபோ மூலமாகவும் செய்யும் அறுவை எல்லா வகையிலும் மேல் என்று பரவலாக நம்பப்பட்ட நிலையில், 631 பெண்களைக் கொண்ட ஆய்வின் முடிவு 2018-இல் வெளியானது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், வயிற்றைக் கீறிச் செய்யும் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், ரோபோவும் சேர்ந்த சிறு துளை அறுவையில் 86 சதவீதம். சிறுநீர்ப் பாதைப் புற்றுநோயில் அப்படி நேரவில்லை என்பது ஆறுதல். அமெரிக்காவில் 350 பேரைச் சேர்த்து நடந்த சிறுநீர்ப்பை அறுவை ஆய்வில், இரண்டு ஆண்டுகள் நோய் முற்றாமல் இருந்தவர்கள் ரோபோ பிரிவில் 72.3, திறந்த அறுவைப் பிரிவில் 71.6 சதவீதம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 பேரிடம் நடந்த புராஸ்டேட் அறுவை ஆய்வில், ரோபோவால் இரத்த இழப்பு குறைந்ததே தவிர, சிறுநீரை அடக்கும் திறனில் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இரு பிரிவினருக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது, ஒரு பழைய ரோபோ திறந்த அறுவைக்குச் சமம் என்று அறியவே ஆண்டுக்கணக்கான பின்தொடர்தல் தேவைப்பட்டது. புதிய ரோபோ ஒவ்வொன்றுக்கும் அது தேவையில்லை என்று யார் சொல்வது?

அந்தப் பின்தொடர்தல் நடக்க வேண்டிய இடம் நோயாளியின் ஊர். நம் மாவட்டத்தவர் இத்தகைய அறுவைக்குத் திருவனந்தபுரமோ சென்னையோ போகிறார்கள். சிறுநீர்க் குழாயோடு வீடு வந்து, அதை எடுப்பதற்கு ஒருமுறை போவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் மீனவர் வாரக்கணக்கில் கடலில் இருப்பவர். மருத்துவமனை குறித்துக் கொடுத்த தேதியில் அவர் கரையில் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சிறுநீர்ப்பையை அகற்றி, சிறுநீர் சேர வயிற்றின் மேல் பை பொருத்தியவர்களுக்கோ, நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஊறி, பை ஒட்டாமல் கழன்றுவிடுவதே அன்றாடப் பிரச்சினை. இது எந்த ஆய்வேட்டிலும் ஏறுவதில்லை.

போகிறவர்களும் உண்மையைச் சொல்கிறார்களா என்றால், அதுவும் இல்லை. புராஸ்டேட் அறுவை முடிந்து பல மாதமாகியும் இருமினால் துணி நனைகிறது என்பதால் ஞாயிறு திருப்பலிக்குக்கூடப் போகாமல் இருந்த பெரியவர் ஒருவர் என்னிடம், “டாக்டர் கேட்டாரு, நல்லா இருக்குன்னுதான் சொன்னேன் சிஸ்டர். அவ்வளவு பாடுபட்டுச் செய்தவர்கிட்ட குறை சொல்லப்பிடாது இல்லியா?” என்றார். அவரது பதிவேட்டில் ‘சிறுநீர்க் கட்டுப்பாடு நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. அறுவை செய்தவரே கேட்டால் நம் மக்கள் இப்படித்தான் பதில் சொல்வார்கள். ஆகவே அந்தக் கேள்விகளை அறுவைக் குழுவில் இல்லாத ஒருவர், நோயாளியின் பேச்சுத் தமிழில், மனைவி மக்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவில்லை. நம் மாவட்டத்தின் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு பின்தொடர் பிரிவு அமைத்து, வெளியூரில் ரோபோ அறுவை செய்துகொண்ட நம் மாவட்டத்தவர்களின் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். புராஸ்டேட் முழுவதையும் எடுத்துவிட்டால் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. எனப்படும், புராஸ்டேட் உண்டாக்கும் புரதத்தின் அளவு ஏறக்குறைய இல்லாமலே போக வேண்டும். அது மீண்டும் ஏறுவதுதான் நோய் திரும்புவதன் முதல் அறிகுறி. அந்த இரத்தப் பரிசோதனைக்காக யாரும் இரவு முழுவதும் ரயிலில் உட்கார்ந்து சென்னை போக வேண்டியதில்லை. இங்கே எடுத்து அறுவை செய்த மருத்துவமனைக்கு அனுப்பினால், நோயாளிக்கும் பயன், சோதனைக்கும் பயன்.

இன்னொன்று. நம் நாட்டில் மருத்துவக் கருவிச் சோதனைகளுக்கு 2017-ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. சோதனையில் சேர்பவருக்குப் பாதிப்பு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் பெற அவருக்கு உரிமை உண்டு. கையெழுத்து வாங்கும் படிவத்தில் இதைத் தமிழில் எழுதுவதோடு நில்லாமல், வாசித்தும் காட்ட வேண்டும். இந்த இயந்திரத்தில் தாங்கள் எத்தனை அறுவை செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்த நல்ல மருத்துவர் எவரும் அக்கேள்விக்கு முகம் சுளித்ததில்லை.

ரோபோ அறுவை செய்யும் மருத்துவமனைகளிடம், ஓராண்டு கழிந்த பின் தங்கள் நோயாளிகளில் எத்தனை பேரின் நிலை தங்களுக்குத் தெரியும் என்று கேட்டு, வரும் விடையைத் தங்கள் இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.