பிரிவிலேயே இறங்கி நடக்கிறோம்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி மகனுக்குப் பெண் அமைந்ததில் ரொம்ப சந்தோஷம். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருகிறேன்.

இங்கே எங்கள் மகளிர் குழுவில் இப்போது வசூலுக்கு அடுத்தபடி இடுப்புச் சுற்றளவுதான் பேச்சு. அவிநாசிப் பக்கம் உனக்குத் தெரியாததா? நம் அம்மாக்கள் களை வெட்டினார்கள், பருத்தி எடுத்தார்கள். இன்று பனியன் கம்பெனி வேன் வாசலுக்கே வருகிறது. பகல் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டு, இருட்டியதும் அதே வேனில் வீடு. நடுவில் இரண்டு வேளை சர்க்கரை தூக்கலாக டீ, கூடவே பப்ஸ். முதுகு ஒடிகிற வேலைதான், ஆனால் உடம்புக்கு நடை இல்லை.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எடை கூடிய பெண்கள் 2015-16ல் 30.9 சதவீதம், 2019-21ல் 40.4. டவுன்காரர்கள் சங்கதி என்று தள்ளிவிட முடியாது, எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்த பிறகு பிரஷர், சுகர் மாத்திரை வீடு தேடி வருகிறது. பெரிய உதவி. மாத்திரை வரை போகாமல் தடுப்பதுதான் எங்கள் கவலை.

போன கூட்டத்துக்கு வந்த நர்சம்மா, பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றார். உடனே ஒருத்தி பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தாள். முக்கால்வாசிப் பேர் டெய்லர்கள் ஆயிற்றே! முப்பத்தொன்றரை இஞ்ச் என்று கணக்குப் போட்டு வரிசையாக அளந்தார்கள். வயிற்றை எக்கி நின்றவர்களை விடவில்லை, மூச்சை விடச் சொல்லி மறுபடி அளந்தார்கள். அளவுக்குள் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

‘எண்ணெயைக் குறை, நட’ என்று ஆளாளுக்குத் தனியாகச் சொல்லிப் பிரயோஜனமில்லை சாந்தி. ஒரு பெண் தனியாக ரோட்டில் நடந்தால், எங்கே போகிறாய் என்று நாலு பேர் கேட்பார்கள். அதனால் சேர்ந்தே முடிவெடுத்தார்கள். சாயங்காலம் மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு வழி பிரிகிற பிரிவிலேயே வேனை விட்டு இறங்கி, பேசிக்கொண்டே ஊருக்குள் நடந்து வருகிறார்கள். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். கூட்டமாக வருவதால் நாய் பயமும் இல்லை, கேள்வியும் இல்லை. இருட்டாகக் கிடந்த வளைவில் பஞ்சாயத்தில் சொல்லி லைட் போட வைத்தோம். நானும் பாதி வழி போய்ச் சேர்ந்துகொள்கிறேன். டேப்பில் இன்னும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்கிறார்கள்.

சாப்பாடுதான் சிக்கல். ரேஷனில் அரிசி இலவசம், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். கம்பும் சோளமும் விளைந்த ஊரில் இன்று அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிறவர்களிடம் எந்த வாயால் சிறுதானியம் சாப்பிடு என்பது?

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் தர்மபுரியில் 2023லிருந்து ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் ராகி தருகிறார்களே, ஜனங்கள் வாங்குகிறார்களா? தரம் எப்படி? வீட்டில் களி கிண்டுகிறார்களா, இல்லை மாட்டுக்குப் போகிறதா? அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊருக்கும் கேட்டு மனு கொடுக்கப் போகிறோம். அதற்குள் உள்ளது உள்ளபடி எழுது.

அன்புடன்,
கலா