தேறியவர்களை ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனாவிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களின் நுரையீரலையும் இதயத்தையும் அதன்பின் எவரும் பரிசோதிக்காமல் விட்டுவிடுவது, உடலுழைப்பை நம்பி வாழும் எங்கள் காவிரிப் படுகைக் கிராமங்களை எப்படி வாட்டுகிறது என்பதைச் சுகாதாரத் துறையின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

என் அண்ணன் 2021 மே மாதம், இரண்டாம் அலையில், 11 நாட்கள் ஆக்சிஜன் படுக்கையில் கிடந்து பிழைத்தவர். இரு கைகளிலும் நாற்று முடிகளோடு வரப்பில் ஓட்டமாக நடந்த மனிதர், அடுத்த குறுவையில் வெறுங்கையோடு மடைவரை போவதற்குள் இரண்டு முறை குந்திவிட்டார். ‘வயசாயிடுச்சுல்ல’ என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். பார்த்த மருத்துவரோ வாய்வுக் கோளாறு என்று மாத்திரை எழுதித் தந்தார். எட்டு மாதம் கழித்து சி.டி. ஸ்கேன் எடுத்தபோதுதான் நுரையீரலின் அடிப்பகுதியில் தழும்பு விழுந்திருப்பது தெரிந்தது. வீணாகப் போன அந்த எட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

கடுமையான தொற்றில் புண்பட்ட காற்றுப் பைகள் ஆறும்போது சிலருக்கு நார்த்திசுவாக இறுகிவிடுகின்றன. இரத்தம் உறைந்து நுரையீரல் குழாய்களை அடைப்பதும், இதயத் தசை அழற்சியுறுவதும், துடிப்பு தாறுமாறாவதும் உண்டு. மருத்துவமனைக்கே போகாமல் வீட்டிலேயே தேறியவர்களுக்கும் ஓராண்டு வரை இதய நோய் அபாயம் கூடுதலாக இருந்ததை, அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

உட்கார்ந்திருக்கும்போது பல்ஸ் ஆக்சிமீட்டர் இரத்த ஆக்சிஜன் அளவை 97 சதவீதமாகக் காட்டுகிறதே என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. அண்ணனை ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தபோது அதே கருவி 89 காட்டியது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க வீடு தேடி வரும் சகோதரிகளிடமே இந்த நடைச் சோதனையையும் ஒப்படைக்கலாம். அத்திட்டத்தின் இயன்முறை சிகிச்சையாளர்கள் மூச்சுப் பயிற்சி கற்றுத் தரலாம். அளவு இறங்குபவர்களையும், நெஞ்சு படபடப்போ கால் வீக்கமோ உள்ளவர்களையும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு அனுப்பி, இ.சி.ஜி., எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வழிசெய்ய வேண்டும்.

சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் இயந்திரம் கிளப்பும் சுணையிலும் பதர்த் தூசியிலும் இவர்கள் நாள் முழுக்க நிற்க வேண்டிவரும். அதற்கு முன்பாகவே இச்சோதனையை ஊர்தோறும் நடத்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்.