தோற்றுவித்தவர் யார் என்ற ஒரு மதிப்பெண் கேள்வி பற்றி

சமூக அறிவியல் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம் எங்களுடையது. போன தேர்வில் 'சமண சமயத்தைத் தோற்றுவித்தவர் யார்?' என்று ஒரு மதிப்பெண் கேள்வி. என் மகள் 'யாரும் இல்லை' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் தப்புப் போட்டு, பக்கத்தில் 'மகாவீரர்' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

திருத்தியவர் மேல் குறை இல்லை. புத்தகத்தில் இருப்பதைத்தானே அவர் பார்ப்பார்! ஆனால் மகாவீரர் 24ஆம் தீர்த்தங்கரர், அதாவது சமண வழியைக் காட்டிய குருமார் வரிசையில் 24ஆமவர். முதல்வர் ஆதிநாதர் என்று நாங்கள் கும்பிடும் ரிஷபதேவர். அது நம்பிக்கை, வரலாறு அல்ல என்பீர்கள். சரி, வரலாற்றுக்கே வருவோம். 23ஆம் தீர்த்தங்கரரான பார்சுவநாதர் உண்மையில் வாழ்ந்தவர் என்பதை ஆய்வாளர் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். மகாவீரரின் பெற்றோரே அவர் வழியைப் பின்பற்றியவர்கள் என்கிறது சமணத்தின் இன்னொரு பிரிவான சுவேதாம்பரரின் ஆசாராங்கம் என்ற நூல். அவர்களுடைய உத்தராத்தியயனம் என்ற நூலில் ஓர் அருமையான காட்சி உண்டு. பார்சுவர் வழிவந்த கேசியும் மகாவீரரின் சீடர் கௌதமரும் சிராவஸ்தியில் சந்திக்கிறார்கள். போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் என்றால் எங்களுக்கு நான்கு விரதம் (துறவிகள் ஏற்கும் உறுதிமொழி), உங்களுக்கு ஐந்து விரதம் ஏன் என்று கேசி கேட்க, கௌதமர் விளக்குகிறார். (திகம்பரர்களான நாங்கள் இந்த நூல்களை ஏற்பதில்லை. சான்றாகக் காட்ட அது தடையா என்ன?) மகாவீரர்தான் தோற்றுவித்தார் என்றால் கேசி எங்கிருந்து வந்தார்?

அப்புறம், கொல்லாமையை ஒரே வரியில் முடித்துவிடுகிறீர்கள். ஏன் கொல்லக் கூடாது என்பது அதில் இல்லை. சமணத்தில் வினை என்பது நுண்ணிய பொருள். எண்ணெய் தடவிய உடம்பில் புழுதி ஒட்டுவதுபோல, ஆசையும் கோபமும் கொண்ட உயிரில் அது ஒட்டிக்கொள்ளும். புதிதாக ஒட்டாமல் தடுப்பதும் ஒட்டியதை உதிர்ப்பதும் அவரவர் பாடு. உலகைப் படைத்து, பிழை பொறுக்கும் கடவுள் என்று யாரும் இல்லை. மண், நீர், தீ, காற்று, செடிகொடி எல்லாமே ஓரறிவு உயிர்கள். எந்த உயிரைக் கொன்றாலும் வினை ஒட்டும். என் அம்மா பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது, விளக்கு வெளிச்சத்தில் பூச்சிகள் வந்து விழுந்து சாகும் என்பதால். பார்த்தவர்கள் டயட் என்று நினைக்கிறார்கள்.

அடுத்த பதிப்பில் 'தோற்றுவித்தார்' என்பதை எடுத்துவிடுங்கள். ஒரு மதிப்பெண் கேள்வி வேண்டுமென்றால், மகாவீரருக்கு முந்தைய தீர்த்தங்கரர் யார் என்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். மேல்சித்தாமூர்க் கோயிலில் இருப்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அப்பா